சிக்லிட் மீனுக்கு ஜோடி சேர்க்கும்போது சண்டையைச் சமாளிப்பது எப்படி

ஒற்றையாக வளர்ந்த ஆண் சிக்லிட்டுக்குத் துணை தேடி, கடையில் ஒரு பெண்மீனை வாங்கிவந்து, பையைப் பிரித்து நேராகத் தொட்டியில் விடுகிறவர்கள்தான் அதிகம். முதல் பத்து நிமிடம் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆண் செவுளை விரித்துக் காட்டும், பெண் ஒதுங்கும், இது துரத்தும், அது ஓடும். "சேர்ந்துக்குமுங்க, ரெண்டு நாள் விட்டுப் பாருங்க" என்று கடைக்காரரும் சொல்லியிருப்பார். காலையில் எழுந்து பார்த்தால் பெண்மீன் பில்டருக்குப் பின்னால் வால் கிழிந்து ஒடுங்கிக் கிடக்கும். சில நேரம் மிதக்கும்.

கன்விக்ட், ஜாக் டெம்ப்சி, கிரீன் டெரர், பயர்மவுத், டெக்சாஸ், ப்ளவர்ஹார்ன் வகைகளை வைத்திருக்கும் புதியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏஞ்சல், ஆஸ்கர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கணக்கே வேறு, அதை நடுவில் தனியாகச் சொல்கிறேன்.

ஏன் அடிக்கிறது?

சிக்லிட்டை நாம் தொட்டியில் பார்ப்பதற்கு முன்னால் குளத்தில் பார்த்திருப்போம். ஜிலேபி மீன் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீனை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று நம் பக்கத்துக் குளம், அணை, கிணறு எதிலும் அது உண்டு. கோடையில் குளத்துத் தண்ணீர் பின்வாங்கும்போது கரையோரச் சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். அவை ஆண் ஜிலேபி பறித்த குழிகள். ஆண் அந்தக் குழியைக் காவல் காக்கும், பக்கத்தில் வருகிற எதையும் விரட்டும். பெண் வரும், முட்டையிடும், முட்டைகளை வாயில் எடுத்துக்கொண்டு அங்கிருந்து போய்விடும்.

போய்விடும் என்பதுதான் முக்கியம். முட்டையிடத் தயாரில்லாத பெண்ணும் அந்தப் பக்கம் வந்தால் ஒரு விரட்டு வாங்கிக்கொண்டு போய்விடும். ஆண் கொஞ்ச தூரம் துரத்திவிட்டுத் தன் குழிக்குத் திரும்பும். சண்டை அதோடு முடிந்தது. கன்விக்ட் மாதிரி ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சு வளர்க்கும் வகைகளிலும் இதே கதைதான். ஒத்துவராத பெண்ணுக்கு ஆற்றில் போக்கிடம் இருக்கிறது.

4 அடித் தொட்டியில் அந்தப் போக்கிடம் இல்லை. தொட்டி முழுவதும் ஆணுடைய இடம். பெண் எந்த மூலைக்கு ஓடினாலும் இன்னும் அதன் எல்லைக்குள்ளேயே நிற்கிறது, அதனால் ஆண் துரத்துவதை நிறுத்தக் காரணமே கிடைப்பதில்லை. மீனுக்கு வெறி பிடித்துவிட்டது, ரத்தத்திலேயே முரட்டுத்தனம் என்றெல்லாம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் பெண்ணுக்குப் போக்கிடம் உண்டாக்குவதற்கும், ஆணின் எல்லையைக் கொஞ்சம் குலைப்பதற்கும்தான்.

ஜோடி தேவையா?

தனியாக இருக்கும் ப்ளவர்ஹார்னைப் பார்த்து "பாவம், ஏங்குது" என்று பரிதாபப்பட வேண்டாம். வளர்ந்த ஆண் சிக்லிட் பலவும் தனித் தொட்டியில் நன்றாகத் தின்று, நம்மைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடிவந்து, வருடக்கணக்கில் ஆரோக்கியமாக இருக்கும். குஞ்சு எடுக்க வேண்டும், அந்தக் குஞ்சுகளை வைக்க இடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்றால் மட்டும் ஜோடி சேருங்கள். கன்விக்ட் ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். இரண்டாவது ஈட்டுக்கே வீட்டில் வாளி தீர்ந்துவிடும்.

ப்ளவர்ஹார்ன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது இயற்கையில் இல்லாத மீன். 1990களில் மலேசியாவில் பல சிக்லிட்டுகளைக் கலந்து உருவாக்கியது. கலப்பு என்பதால் குணம் மீனுக்கு மீன் மாறும், சில ரகங்களில் ஆண்கள் மலடாகவும் இருக்கும். பேரட் சிக்லிட்டும் கலப்பினமே, அதில் ஆண்கள் பெரும்பாலும் மலடு. முட்டை போடும், ஜோடியாகக் காவல் காக்கும், மூன்றாம் நாள் முட்டையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

இதுவரை பெரிய மீன் எதையும் வாங்காதவர் என்றால் உங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. ஒன்றரை அங்குலக் குஞ்சுகளாக ஆறு வாங்கி ஒன்றாக வளருங்கள். வளர வளர அவையே ஜோடி பிரிந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற நான்கையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏஞ்சலுக்கும் ஆஸ்கருக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது, ஏனென்றால் அவற்றில் ஆண் பெண் வித்தியாசம் வெளியே தெரியாது. தானாகச் சேர்ந்த ஜோடியில் அடிதடி குறைவு. கீழே வரும் பாடெல்லாம், ஏற்கெனவே வளர்ந்த ஒற்றை மீனை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

ஆணா, பெண்ணா?

இரண்டு ஆண்களை ஜோடி என்று நினைத்துச் சேர்த்துவைத்துவிட்டு, சண்டை நிற்கவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பலரிடம் பார்க்கலாம். கன்விக்ட்டில் குழப்பம் இல்லை. பெண்ணின் வயிற்றில் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும், ஆண் பெரிதாகவும் துடுப்பு நீண்டு கூராகவும் இருக்கும். ப்ளவர்ஹார்னில் முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி இருந்தால் பெரும்பாலும் பெண் என்பார்கள், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நம்பகமானது அடிப்பக்கத்துக் குழாய். முட்டையிடும் காலம் நெருங்கும்போது வயிற்றுக்கடியில் சிறு குழாய் வெளியே தெரியும். பெண்ணுக்கு அது மொட்டையாக, தடிமனாக இருக்கும். ஆணுக்கு மெல்லியதாக, கூராக இருக்கும்.

பெண் ஆணைவிடச் சிறிதாக இருப்பது இயல்பு. ஆனால் ஆணின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். பாதி அளவுப் பெண்ணை 8 அங்குல ஆணிடம் விடாதீர்கள், எந்தத் தடுப்பும் அதைக் கடைசிவரை காப்பாற்றாது.

தொட்டி, தண்ணீர், காலம்

கன்விக்ட் ஜோடிக்குக் குறைந்தது 100 லிட்டர். ஜாக் டெம்ப்சி, ப்ளவர்ஹார்ன் அளவுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். அது 9 கன அடி, விளிம்புவரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். உயரமான தொட்டியை விட நீளமான தொட்டிதான் உதவும். ஓடுவதற்கு வேண்டியது தரைப்பரப்பு.

உள்ளே கல், மரக்கட்டை, மண்சட்டி, பூந்தொட்டி எதை வைத்தாலும் இரண்டு விதிகள். ஒன்று, தொட்டியின் ஒரு கோடியில் நிற்கும் மீனுக்கு மறுகோடி தெரியக் கூடாது. பார்வை மறைந்தாலே பாதித் துரத்தல் குறையும். இரண்டு, எந்தக் குகைக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் உள்ள சட்டிக்குள் பெண் புகுந்துவிட்டால் ஆண் வாசலில் நின்று அடித்தே கொன்றுவிடும். பூந்தொட்டியின் அடியை உடைத்தெடுங்கள், அல்லது 3 அங்குல பிவிசி பைப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். ஒன்றிரண்டு பைப்பை நைலான் கயிற்றில் கட்டி மேல்மட்டத்திலும் தொங்கவிடலாம். அடிபட்ட பெண் எப்போதும் மேல்மூலைக்குத்தான் போகும். கற்களை மணல் மேல் அடுக்காமல் முதலில் தரைக் கண்ணாடியின் மேல் உட்காரவைத்து, பிறகு மணலைக் கொட்டுங்கள். சிக்லிட் தோண்டும். மேலே அடுக்கிய கல் சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும்.

நம் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் பத்து கிலோமீட்டர் தள்ளி போர் தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சிறுவாணி மிக மென்மையான தண்ணீர். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை (கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவி) நனைத்தால் 1000ஐத் தாண்டும் இடங்கள் உண்டு. கன்விக்ட், ஜாக் டெம்ப்சி போன்ற அமெரிக்கச் சிக்லிட்டுகள் பலவும் கொஞ்சம் கடினத் தண்ணீரைத் தாங்கும், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திடீரென்று மாற்றினால் தாங்காது. வாங்கும் இடத்தில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி உங்கள் தொட்டித் தண்ணீரை மீன் இருக்கும் வாளியில் ஒரு மணி நேரம் சொட்டவிட்டால் போதும். ஏற்கெனவே தளர்ந்த மீன் அடி தாங்காது என்பதால் இதையும் சண்டைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

வெப்பம் ஏற ஏற மீனின் உடல் வேகமும் ஏறும், முரட்டுத்தனமும் ஏறும், தண்ணீரில் பிராணவாயு குறையும். ஈரோடு, கரூர் பக்கம் சித்திரை வைகாசியில் வீட்டுக்குள் தொட்டித் தண்ணீரே 31, 32 டிகிரிக்குப் போகும். அந்த மாதங்களில் ஜோடி சேர்க்கும் வேலையை ஒத்திப்போடுங்கள். ஆடிக் காற்று தொடங்கிய பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மார்கழியில் செய்தால் ஹீட்டர் வேண்டும். அறிமுகக் காலத்தில் 25, 26 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள். 28க்கு ஏற்றுவது இரண்டும் ஒத்துப்போன பிறகு.

புதிய மீனுக்குத் தனித் தொட்டி

மூன்று வாரம். இதில் பேரம் வேண்டாம். கடைத் தொட்டியில் பல ஊர் மீன் ஒன்றாக நீந்தியிருக்கும். வெள்ளைப்புள்ளி நோய் இருந்தால் இந்த மூன்று வாரத்துக்குள் தெரிந்துவிடும். சிறு தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், ஒளிய ஒரு பைப் இருந்தால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. பெண்ணை நன்றாகத் தின்னவைத்துத் தேற்றுவதற்கு இதுதான் நேரம். தரமான பெல்லட், உறைந்த ப்ளட் வார்ம், இறால் துணுக்கு என்று நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிறு உருண்ட பெண்ணை ஆண் பார்க்கும் விதமே வேறு. முட்டை இல்லாத ஒல்லிப் பெண், ஆணின் கணக்கில் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு மீன், அவ்வளவுதான்.

யார் முதலில் குடியிருப்பது?

பலரும் யோசிக்காத இடம் இது. சிக்லிட்டுகளில் முதலில் இடம் பிடித்த மீனுக்குச் சண்டையில் பெரும்பாலும் கை ஓங்கியிருக்கும், உருவம் கொஞ்சம் சிறிதாக இருந்தாலும். நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஏற்கெனவே பெரிதாக இருக்கும் ஆணுக்கு, சொந்த இடம் என்ற பலத்தையும் கொடுத்துவிட்டுப் பெண்ணை உள்ளே விடுகிறோம்.

மாற்றிச் செய்யுங்கள். தனித் தொட்டிக் காலம் முடிந்ததும் ஆணை வேறு தொட்டிக்கோ பெரிய டிரம்முக்கோ மாற்றுங்கள். பிரதானத் தொட்டியில் கல், சட்டி, கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பெண்ணை விட்டு ஒரு வாரம், பத்து நாள் அது அங்கே தனியாகச் சுற்றி, தனக்கென்று ஒரு மூலையைப் பிடிக்கட்டும். பிறகு ஆணைக் கொண்டுவாருங்கள், வீட்டோடு மாப்பிள்ளையாக. உருவத்தில் ஆணுக்கும் இடத்தில் பெண்ணுக்கும் பலம் இருப்பதால் தராசு கொஞ்சம் சமமாகும். அப்படிக் கொண்டுவரும்போதும் நேராகச் சேர்க்கக் கூடாது, நடுவில் தடுப்பு வேண்டும்.

தடுப்பு

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் அக்ரிலிக் ஷீட்டை அளவு சொன்னால் வெட்டிக்கொடுப்பார்கள். தொட்டியின் உள் அகலத்தைவிட 2 மில்லிமீட்டர் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். உயரம் தண்ணீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 3 அங்குலம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தாண்டும். தொட்டிக்கு மூடியும் அவசியம். ஷீட் முழுக்கச் சுண்டுவிரல் நுழையாத அளவில் துளைகள் போடுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும். ஒன்றின் வாசனை மற்றதற்குப் போவதும் பழக்கத்தில் ஒரு பங்கு. துளையின் விளிம்புகளை எமரி ஷீட்டால் தேய்த்துவிடுங்கள்.

நிறுத்திவைக்க எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிவிசி வயரிங் கேசிங் பட்டை போதும். இரண்டு பக்கக் கண்ணாடியிலும் மீன்தொட்டி சிலிகானால் ஒட்டி, இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் நிரப்பினால் ஷீட்டை மேலிருந்து இறக்கவும் தூக்கவும் வசதியான பள்ளம் கிடைத்துவிடும். காசு அதிகமில்லை, ஆனால் தொட்டி காலியாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த தொட்டி என்றால், சக்ஷன் கப் வைத்து ஷீட்டை நிறுத்தி, அடியில் மணலை அணைத்துக் கொடுங்கள். பெரிய ஆண் மோதிச் சாய்த்துவிடாமல் இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஸ்பாஞ்ச் பில்டர் போட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தடுப்பின் மேல் ஒரு பழைய பனியன் துணியைத் தொங்கவிட்டு மறைத்துவிடலாம். சோப்பு, எண்ணெய் படாத துணியாக இருக்க வேண்டும். இரண்டும் புது இடத்துக்குப் பழகித் தின்னத் தொடங்கியதும் துணியை எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டியவை தொடங்குகின்றன. ஆண் தடுப்பில் மோதும், செவுளை விரிக்கும், வாலால் தண்ணீரை அடித்துக் காட்டும். முதல் வாரத்தில் இதெல்லாம் சாதாரணம். சில நாளில் மோதல் குறைந்து வேறு மாதிரி அசைவு வரும். பக்கவாட்டில் நின்று உடம்பைச் சிலிர்க்கும், தலையைச் சின்னதாக ஆட்டும், நிறம் ஏறும், தடுப்பின் அருகே குழி பறிக்கும், ஒரு கல்லை வாயால் கடித்துச் சுத்தம் செய்யும். இவை நல்ல அறிகுறிகள்.

ஆனால் ஆணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆண் எப்போதும் தயாராகத்தான் இருக்கும். பெண் என்ன செய்கிறது என்று பாருங்கள். தூர மூலையிலேயே நிற்கிறதா, நிறம் கறுத்து, துடுப்பை மடக்கி வைத்திருக்கிறதா? இன்னும் காலம் ஆகவில்லை. தானாகத் தடுப்பருகே வந்து நின்று, துடுப்பை விரித்து, ஆணோடு சேர்ந்து மேலும் கீழும் நீந்துகிறதா? வயிற்றுக்கடியில் குழாய் எட்டிப் பார்க்கிறதா? இரவில் தடுப்பை ஒட்டியே தூங்குகிறதா? அப்போது யோசிக்கலாம். இது ஒரு வாரத்திலும் வரும், இரண்டு மாதத்திலும் வரும். அவசரப்பட்டுத் திறந்த தடுப்பால் செத்த மீன்கள்தான் அதிகம், தாமதமாகத் திறந்ததால் செத்த மீன் எதுவும் கிடையாது.

ப்ளவர்ஹார்னில் கடைசிவரை திறக்காமலே குஞ்சு எடுப்பவர்களும் உண்டு. துளைகள் நிறைந்த தடுப்பை வைத்து, முட்டையிடும் ஓட்டுத் துண்டையோ கல்லையோ பெண் பக்கத்தில் தடுப்பை ஒட்டி வைத்துவிடுவார்கள். பெண் அதில் முட்டையிடும்போது ஆண் மறுபக்கம் ஒட்டி நின்று விந்தை விடும். தண்ணீர் ஓட்டம் ஆண் பக்கத்திலிருந்து பெண் பக்கம் போகும்படி பில்டரை வைத்தால் அது துளைகள் வழியே முட்டைக்குப் போய்ச் சேரும். எல்லா முட்டையும் பொரியாது, ஆனால் பெண் உயிரோடிருக்கும். மிக முரட்டு ஆண் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஓட்டைத் தந்திரம்

தடுப்பை எடுப்பதற்கும் எடுக்காமலிருப்பதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பெண் நுழையும், ஆண் நுழைய முடியாத அளவில் தடுப்பில் ஒரு வாசல் வெட்டுவது. பெண் விரும்பும்போது ஆண் பக்கம் போகும், விரட்டினால் தன் பக்கம் ஓடிவந்துவிடும். குளத்தில் இருந்த போக்கிடத்தைத் தொட்டிக்குள் கொண்டுவருகிற ஏற்பாடு.

அளவெடுக்க மீனின் நீளத்தைப் பார்க்காதீர்கள், பெண்ணின் முதுகிலிருந்து வயிறுவரை உள்ள உயரத்தைப் பாருங்கள். அதைவிட ஒரு விரல் தடிமன் மட்டும் பெரிதாக, தரையிலிருந்து நான்கு விரல்கடை உயரத்தில் வெட்டுங்கள். சந்தேகம் இருந்தால் சிறிதாகவே வெட்டித் தொடங்குங்கள், பெரிதாக்குவது எளிது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம், ஆண் பாதி நுழைந்து சிக்கிக்கொள்ளும். முதல் நாள்களில் பெண் வழி தெரியாமல் திணறும். வாசலுக்குப் பக்கத்தில் உணவைப் போட்டுப் பழக்கினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

திறக்கும் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. நாள் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள் வேண்டும். அன்றைக்கு உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டையில் மூச்சு வாங்கும் மீனுக்கு ஏர் பம்ப் பகல் முழுக்க நின்றால் கஷ்டம்.

முந்தின நாள் கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். காலையில் இரண்டுக்கும் வயிறு நிறையக் கொடுங்கள். பிறகு ஆணை ஒரு வாளியில் எடுத்துவைத்துவிட்டுக் கல், சட்டியை மறுபடி இடம் மாற்றுங்கள். தடுப்பை எடுங்கள். விளக்கைப் போடாமல், சன்னல் வெளிச்சத்திலேயே ஆணைத் தொட்டிக்குள் விடுங்கள். தடுப்புப் பலகை கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சண்டையைப் பிரிக்க வலையைப் போட்டுத் துழாவினால் மீன் இன்னும் மிரளும். பலகையை நடுவில் இறக்கிவிடுவதுதான் சரி.

கூடவே ஐந்தாறு விடோ டெட்ரா, அல்லது பெரிய சிக்லிட் என்றால் டின்பாயில் பார்ப் மாதிரி வேகமாக நீந்தும் மீன்கள் இருந்தால் உதவி. ஆணின் கவனம் கொஞ்சம் அவற்றின் மேல் போகும். ஆணும் பெண்ணும் சேர்ந்து அவற்றை விரட்டத் தொடங்கினால் ஜோடி உறுதியாகிறது என்று அர்த்தம். 4 அடிக்குக் குறைந்த தொட்டியில் இதைச் செய்யாதீர்கள், அந்த மீன்களுக்கும் போக்கிடம் வேண்டுமே.

எது சாதாரணம், எது ஆபத்து என்று தெரியாமல்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். செவுள் விரிப்பது, பக்கவாட்டில் நின்று வாலடிப்பது, சிறு துரத்தல், இதெல்லாம் பேச்சுவார்த்தை. வாயோடு வாய் பூட்டிக்கொண்டு இழுப்பது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அது பலம் பார்க்கும் முறை. சில வினாடிகளில், அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். இரண்டும் எதிர்த்து நிற்கின்றன என்றால் அது நல்ல செய்தியும் கூட.

ஒரு பக்கம் மட்டும் அடிப்பதும் மறுபக்கம் ஓடிக்கொண்டே இருப்பதும்தான் ஆபத்து. பெண் மேல்மூலையில் தண்ணீர்மட்டத்தை ஒட்டி நின்று, செவுள் வேகமாக அடித்து, துடுப்பை மடக்கி, உணவு போட்டாலும் கீழே வராமல் இருந்தால் தடுப்பை இறக்குங்கள். ஆண் விலாவிலோ வயிற்றிலோ கடித்தால், செதில் உதிர்ந்தால், ஒரு நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டாம். வால் ஓரம் கிழிந்தது ஆறும். கண்ணிலும் விலாவிலும் பட்ட அடி அப்படியில்லை.

முதல் நாள் நன்றாகப் போனாலும் இரவு தடுப்பை இறக்கிவிடுங்கள். விடிந்து வெளிச்சம் வரும்போது, நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெரும்பாலும் விபரீதம் நடக்கும். நான்கைந்து நாள் பகலில் திறந்து இரவில் மூடி, பெண் நிதானமாகத் தின்று, ஆண் பக்கத்திலேயே சுற்றித் திரிகிறது என்று உறுதியான பிறகு எடுத்துவிடலாம். எடுத்த பலகையைப் பரணில் போட்டுவிடாதீர்கள், அது மறுபடி வேண்டியிருக்கும்.

மலாவி மீன் வைத்திருப்பவர்களுக்கு

எல்லோ லேப், ஜோஹன்னி, டெமாசோனி போன்ற மலாவி மீன்களில் ஜோடி என்ற ஏற்பாடே கிடையாது. பெண் வாயில் முட்டை சுமந்து ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும், ஆண் அதற்குள் அடுத்த பெண்ணைத் தேடும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்று வைத்தால் துரத்தல் எல்லோருக்கும் பங்காகும். ஒற்றைப் பெண்ணைப் புதிதாக விடுவது அதற்கு மரணதண்டனை. நான்கு பெண்களை ஒரே நாளில், கல்லை மாற்றி அடுக்கிவிட்டு விடுங்கள். நம் போர் தண்ணீர் இவற்றுக்கு நன்றாகவே ஒத்துவரும்.

முட்டையிட்ட பிறகு

முட்டை வந்துவிட்டால் சண்டை முடிந்தது என்று நினைப்பார்கள். இரண்டாவது சுற்று அப்போதுதான் ஆரம்பம். கன்விக்ட் முட்டை 27 டிகிரியில் சுமார் மூன்று நாளில் பொரியும், அதற்குப் பிறகு நான்கைந்து நாளில் குஞ்சு நீந்தும். இந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண் முட்டையோடு நிற்கும், ஆண் சுற்றுக்காவல் பார்க்கும். விரட்ட வேறு மீனே இல்லாவிட்டால் ஆண் பெண்ணையோ பெண் ஆணையோ விரட்டும். கன்விக்ட் பெண் தன்னைவிடப் பெரிய ஆணை மூலையில் ஒடுக்கி வைப்பதும் நடக்கிற காரியம்தான்.

புது ஜோடி முதல் ஈட்டை, இரண்டாம் ஈட்டைத் தின்றுவிடுவது வழக்கம். முட்டை காணாமல் போன அன்றும் மறுநாளும் ஆண் பெண்ணை மீண்டும் நெருக்கும், பெண்ணிடம் முட்டை இருக்காது. அந்த இரண்டு நாள் கண்காணிப்பு முக்கியம். துரத்தல் கூடினால் தடுப்பை இறக்கி ஒரு வாரம் பெண்ணைத் தின்னவிட்டுத் தேற்றுங்கள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆனபின், ஆண் அடுத்த ஈட்டுக்கு அவசரப்படும்போதும் இதே வைத்தியம்தான்.

காயம் பட்டால்

பெண்ணைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். லிட்டருக்கு 1 கிராமிலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் 3 கிராம்வரை கல்லுப்பைத் தண்ணீரில் கரைத்துப் பிறகு ஊற்றுங்கள். கல்லாக அப்படியே மீன் மேல் போடக் கூடாது. தினமும் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் உப்பைச் சேருங்கள். தெருவோர நாட்டுவாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போடலாம், தண்ணீர் தேநீர் நிறமாகும், பயம் வேண்டாம். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதாவது படர்ந்தால் கடையில் பூஞ்சைக்கான மெத்திலீன் ப்ளூ கேட்டு வாங்குங்கள், அது பில்டரின் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும் என்பதால் தனித் தொட்டியில் மட்டும். கிழிந்த துடுப்பு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும்.

ஒத்துவராவிட்டால்

சில ஜோடிகள் சேராது. இரண்டு மாதம் தடுப்பில் வைத்து, மூன்று தடவை திறந்து பார்த்தும் பெண் மூலைக்கே போகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். குறை மீனிலும் இல்லை, உங்களிடமும் இல்லை. அதே ஆண் வேறொரு பெண்ணோடு ஒரே வாரத்தில் சேர்வதும் உண்டு. வாங்கும்போதே "ஒத்துவரலைன்னா மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காயமில்லாத மீன் என்றால் பல கடைகளில் பாதி விலைக்காவது எடுத்துக்கொள்வார்கள்.

எடுக்க ஆளில்லை என்று குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். ஜிலேபியும், தொட்டி துடைக்க வாங்கி ஆற்றில் விடப்பட்ட டேங்க் கிளீனரும் நம் நாட்டுக் கெண்டைகளுக்குச் செய்திருக்கும் கெடுதலே போதும். கடைக்குக் கொண்டுபோகும்போது முந்தின நாளே உணவை நிறுத்திவிடுங்கள். ஒரு பைக்கு ஒரு மீன், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. முள் குத்தும் என்பதால் பையை இரட்டையாகப் போட்டு, வெளிச்சம் படாமல் ஒரு துணிப்பைக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.